விஜயமங்கலத்துப் பெரும்பள்ளி

'பள்ளி' என்னும் சொல் நம் அன்றாட வாழ்வோடு இரண்டறக் கலந்தது. காலையில் பிள்ளைகளை அனுப்பிவைப்பது பள்ளிக்கூடத்திற்கு. ஐவேளையும் தொழுகைக்காக நாம் விரைவது பள்ளிவாசலுக்கு. இறுதியில் நம்மைச் சுமந்து செல்வோர் ஜனாஸாத் தொழுகைக்காக இறக்கிவைப்பதும் பெரும்பாலும் ஒரு பள்ளியின் முற்றத்தில்தான். மஸ்ஜித் என்னும் அரபுச் சொல் இருந்தும் தமிழ் முஸ்லிம்கள் தம் வணக்கத்தலத்திற்கு வழங்கிய பெயர் பள்ளி. அச்சொல் நமக்கு முன்னர் யாருடையதாக இருந்தது என்ற வினாவுக்கு விடை தேடுவோர், கோவையிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் சற்றே இறங்கிப் பார்ப்பது பயன் தரும்.

அவினாசியைக் கடந்து பெருந்துறையை எட்டுவதற்கு முன்னால் வருவது விஜயமங்கலம். இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள சுங்கச்சாவடிதான். ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரையொட்டி, வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே உயர்ந்து நிற்கிறது ஒரு பழைய கோபுரம். ஊர் மக்கள் அதனை 'நெட்டைக் கோபுரம்' என்று அழைக்கின்றனர். அது நிற்கும் பகுதிக்குப் பஸ்திபுரம் என்று பெயர். சமணக் கோயிலைக் குறிக்கும் 'பஸதி' என்ற சொல்லே 'பஸ்தி'யாகி அவ்விடத்தில் தங்கிவிட்டது. வழிபட்ட மக்கள் அங்கிருந்து மறைந்த பின்னரும் பெயர் மட்டும் மறையவில்லை.

கோபுர வாயிலில்

ஒரு குளிர்காலக் காலையில் நண்பர் ஒருவருடன் நான் அங்கே சென்றேன். வாயில் பூட்டியிருந்தது. சற்று நேரத்தில் சாவியுடன் வந்த பெரியவர், என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "வாங்க பாய். உங்காளுங்க இங்க வந்து நான் பாத்ததே இல்லீங்களே" என்றார். அவர் குரலில் வியப்பு இருந்ததே தவிர விலக்கம் இல்லை. காலணிகளை வாயிலில் கழற்றிவைத்து, அவர் பின்னால் உள்ளே நடந்தோம்.

மண்டபத்தின் குளிர்ச்சியும் அமைதியும் வெளியே இருந்த நெடுஞ்சாலையின் இரைச்சலை மறக்கச் செய்தன. கருவறையில் எழுந்தருளியிருப்பவர் சமணத்தின் எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபர். சமண மரபில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் ஓர் அடையாளம் உண்டு, இவருக்குரியது பிறை. பிறையைக் கண்டதும் நம் மனம் ஒரு நொடி துள்ளும். ஆயினும் வடிவம் ஒன்றாக இருப்பதனால் பொருளும் ஒன்று எனக் கொள்வது அறிவுடைமையாகாது. நமக்குப் பிறை காலத்தைக் கணக்கிடும் அடையாளம். அவர்களுக்கு அது ஒரு ஞானியின் பெயரைச் சுட்டும் குறி. உலகைப் படைத்துக் காக்கும் இறைவன் ஒருவன் உண்டு என்பது நம் நம்பிக்கையின் வேர். சமணமோ அத்தகைய படைப்பாளனை ஏற்காமல், உயிர் தன் வினையைத் தானே வென்று விடுதலை பெற வேண்டும் என்று கூறும் சமயம். இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுவது அவர்களுக்கும் நமக்கும் நேர்மை செய்வதாகாது.

வேறுபாட்டை ஒப்புக்கொண்டே ஒரு சமயத்தைக் கண்ணியத்துடன் அறிய முடியும் என்பதற்கு இஸ்லாமிய அறிவுலகில் முன்மாதிரி உண்டு. கி.பி. 973இல் பிறந்த அறிஞர் அல்பிரூனி, சமஸ்கிருதம் கற்று, ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்தார். தம் நூல் வாதப் போருக்காக எழுதப்பட்டதன்று என்பதை அவர் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தினார். இந்நாட்டு மக்கள் தம்மைப் பற்றிச் சொல்வதை அவர்கள் சொன்னவாறே எடுத்துரைப்பதைத் தம் நெறியாகக் கொண்டார். விஜயமங்கலத்தில் நான் கண்ட கல் ஒன்று, அதே அல்பிரூனி வாழ்ந்த காலத்தோடு தொடர்புடையது.

புள்ளப்பையின் கல்

கர்நாடகத்தின் சிரவணபெளகொளவில் ஒரே பாறையில் செதுக்கப்பட்டு, ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் கோமதேசுவரர் சிலையை அறியாதார் இலர். கி.பி. 981 முதல் 983 வரையிலான காலப்பகுதியில் அதனை எழுப்பியவர், கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சரும் படைத்தலைவருமான சாமுண்டராயர். கன்னட உரைநடையின் தொடக்ககால நூல்களுள் ஒன்றாகிய சாமுண்டராய புராணத்தை 978இல் இயற்றியவரும் அவரே. அவருடைய தங்கை புள்ளப்பை என்பார் விஜயமங்கலத்தில் உண்ணாநோன்பு நோற்று உயிர் துறந்தார். அதனை நினைவுகூரும் நிசீதிகைக் கல்வெட்டு இக்கோயிலில் இருக்கிறது.

அண்ணனின் பெருமையைப் பறைசாற்ற மலையுச்சியில் ஒரு பேருருவம் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் அங்கே செல்கின்றனர். தங்கையின் நினைவைச் சுமப்பது கொங்குச் சிற்றூர் ஒன்றின் கல். அக்கல்லின் முன் நின்றபோது, அப்பெண்மணி எத்தனை நாள் நோன்பிருந்தார், அருகே யார் இருந்து ஓதினர், கன்னட நாட்டிலிருந்து இவ்வளவு தொலைவு வந்து உயிர்விடும் அளவுக்கு இத்தலம் எத்தகைய சிறப்புப் பெற்றிருந்தது என்றெல்லாம் எண்ணங்கள் எழுந்தன.

சல்லேகனை எனப்படும் இந்நோன்பைச் சமணர் தற்கொலையாகக் கருதுவதில்லை. முதுமையோ தீராப் பிணியோ நெருங்கும்போது, ஆசையையும் சினத்தையும் ஒடுக்கி, உணவைப் படிப்படியாகக் குறைத்து, அமைதியாக உடலை நீத்தல் என்பது அவர்களின் விளக்கம். கங்க மன்னன் இரண்டாம் மாரசிம்மனே அரசைத் துறந்து 975ஐ ஒட்டி இவ்வாறு உயிர் நீத்தான். உயிர் அல்லாஹ் அளித்த அமானிதம். அதனை நாமே முடித்துக்கொள்ள உரிமையில்லை என்பது நம் கொள்கை. எனினும் அரண்மனைச் செல்வாக்குடைய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், இறுதியில் எல்லாவற்றையும் விட்டொழித்தாள் என்ற செய்தியில் உலகப் பற்றைப் பற்றிய ஒரு பாடம் எவருக்கும் உண்டு.

கொங்கில் சமணம்

புள்ளப்பை இங்கு வந்தது தற்செயலன்று. கொங்கு நாட்டில் சமணத்தின் வேர் மிக ஆழமானது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஏறத்தாழ 1,800 ஆண்டுப் பழமையுடையன. யாற்றூர்ச் செங்காயபன் என்னும் துறவிக்குச் சேர இளவரசன் ஒருவன் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததை அவை கூறுகின்றன. அவ்விளவரசனின் தந்தை, பாட்டன் ஆகியோர் பெயர்களும் அக்கல்லில் இருப்பதால், சங்க இலக்கியச் சேர மன்னர்களின் வரிசையை உறுதிப்படுத்தும் சான்றாகவும் அது விளங்குகிறது. ஒரு துறவிக்குச் செய்த சிறு கொடை, ஓர் அரச மரபின் வரலாற்றையே காப்பாற்றிக் கொடுத்தது.

பழனியை அடுத்த ஐவர்மலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. வரகுண பாண்டியன் காலத்தில், கி.பி. 870இல், சாந்திவீரக்குரவர் என்னும் துறவி அங்குப் பார்சுவநாதர் திருமேனியைப் புதுப்பித்து, 505 காணம் பொன்னை அறக்கட்டளையாக வைத்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. கங்கர் ஆட்சியின் செல்வாக்கு கொங்கில் பரவியிருந்த காலத்தில் சமணத்திற்கு அரச ஆதரவும் கிட்டியது. விஜயமங்கலம், சீனாபுரம், திங்களூர், வெள்ளோடு, பூந்துறை ஆகிய ஊர்கள் கொங்குச் சமணத்தின் நிலைக்களங்களாகத் திகழ்ந்தன. இவை அனைத்தும் இன்றைய ஈரோடு வட்டாரத்தில், ஒன்றுக்கொன்று எளிதில் சென்று சேரக்கூடிய தொலைவில் உள்ளவை.

விஜயமங்கலத்துக் கோயிலின் பழைய பெயர் வீரசங்காதப் பெரும்பள்ளி. சங்காதம் என்பது துறவியர் கூட்டத்தைக் குறிக்கும். ஆக, இது வழிபாட்டுக்கு மட்டுமான இடமாக இருந்ததில்லை. துறவியர் தங்கி, ஓதி, ஓதுவித்து வாழ்ந்த ஒரு நிறுவனம் இது. அங்கு ஓதப்பட்டவற்றுள் தமிழும் ஒன்று. அதன் பயனை நாம் எல்லோரும் இன்றுவரை துய்த்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழுக்குக் கிடைத்தவை

இவ்வூரோடு இணைத்துப் பேசப்படும் புலவர்களுள் முதல்வர் கொங்குவேளிர். உதயணன் கதையைக் கூறும் பெருங்கதை அவர் இயற்றியது. குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதையே அதன் மூலம். அதனைக் கங்க மன்னன் துர்விநீதன் வடமொழியில் ஆக்கினான் எனக் கங்கர் செப்பேடுகள் குறிப்பதால், கொங்குவேளிர் அவ்வழியில் கதையைப் பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முதலும் முடிவும் சிதைந்த நிலையில் கிடைத்த அந்நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். கொங்குவேளிர் வீட்டு ஏவற்பெண்ணே புலவர்களின் தடைகளுக்கு விடை கூறினாள் என்று ஒரு செவிவழி மரபு உண்டு. அது வரலாறாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கல்வி துறவியரின் அறைக்குள் அடைபடாமல் வீட்டின் கடைக்கோடி வரை சென்றிருந்தது என்று பிற்காலத்தார் நினைவில் வைத்திருந்தனர் என்பது வரலாறே.

அடுத்தவர் பவணந்தி முனிவர். மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தில், கங்க மரபில் வந்த சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூலை இயற்றியவர். நூற்பாயிரம் சுட்டும் சனகை என்னும் ஊர் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொங்கு மரபு அதனைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்றே கொள்கிறது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லாரின் ஊராகிய நிரம்பையும் இப்பகுதியைச் சேர்ந்ததே என அம்மரபு கூறும். இம்மூவரையும் கொங்கின் பெருமைகளாகப் பாடிவைத்த கொங்கு மண்டல சதகத்தின் ஆசிரியர் கார்மேகக் கவிஞரும் விஜயமங்கலத்துச் சமணரே. இலக்கணம், காப்பியம், உரை, ஊர் வரலாறு என நான்கு துறைகளிலும் இச்சிறு வட்டாரம் தமிழுக்குப் பங்களித்திருக்கிறது.

இவற்றுள் நன்னூலின் பயணம் தனித்துச் சிந்திக்கத்தக்கது. பாயிரம் உட்பட 462 நூற்பாக்கள் கொண்ட அந்நூல், எழுத்தையும் சொல்லையும் பற்றிய இலக்கணத்தைத் தொல்காப்பியத்தைவிடச் சுருக்கமாகவும் எளிமையாகவும் தந்தது. அதற்கு முதலில் உரை கண்ட மயிலைநாதர் சமணர். பின்னர் உரை எழுதிய சங்கரநமச்சிவாயர் சைவர். அவ்வுரையைத் திருத்திச் செம்மை செய்த சிவஞான முனிவர் திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவி. எழுத்ததிகாரத்தின் தொடக்கத்தில் பவணந்தியார் அசோக மரத்தடியில் அமர்ந்த அருகதேவனை வணங்குகிறார். அவ்வணக்கத்தோடு தொடங்கும் நூலைச் சைவ மடங்கள் பாடமாக வைத்தன. ஆசிரியர் வேற்றுச் சமயத்தவர் என்பதற்காக எவரும் அதனை ஒதுக்கவில்லை. வணக்கப் பாடலை நீக்கிவிட்டுப் படிக்கவும் இல்லை.

திண்ணைப் பள்ளிகளிலும் புலவர் வீடுகளிலும் தமிழ் கற்ற நம் முன்னோரும் இதே நூலின் வழியேதான் வந்தனர். பிழையறக் கவிதை பாடிய முஸ்லிம் புலவர் ஒவ்வொருவரின் பின்னாலும் ஓர் ஆசிரியர் இருந்தார். பிற்கால ஆசிரியர்களின் கையில் பெரும்பாலும் இருந்தது நன்னூல். நல்லாசிரியனை நிலத்திற்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடும் அதன் பாயிரப் பகுதியை நம் மதரஸாக்களில் பணியாற்றும் உஸ்தாதுகள் படித்தாலும் தமக்குரியதாகவே உணர்வர். நாயக வரலாற்றையும் நபிமார் சரிதங்களையும் பாடிய தமிழ், ஒரு சமண முனிவரின் இலக்கணத்தால் வரம்பு கட்டப்பட்ட தமிழ் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எங்கே சென்றனர்?

இத்தனை வளமுடன் வாழ்ந்த சமூகம் கொங்கில் எவ்வாறு அருகியது? இன்று தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி சுற்றுவட்டாரங்களில் வாழ்கின்றனர். கோவை, ஈரோடு நகரங்களில் காணப்படும் சமணருள் பெரும்பாலோர் வணிகத்தின் பொருட்டு வடமேற்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியினர்.

இவ்வினா எழுந்தவுடன் பலரும் நாடும் விடை, மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்ட கதை. அதனை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலமோ 7ஆம் நூற்றாண்டு. அது நிகழ்ந்ததா, எந்த அளவில் நிகழ்ந்தது என்பது ஆய்வாளர் இன்றும் வாதிடும் செய்தி. எவ்வாறாயினும் கொங்கின் கதைக்கு அது விடையாகாது. ஐவர்மலைத் திருப்பணி 9ஆம் நூற்றாண்டில் நடந்தது. புள்ளப்பை நோன்பு நோற்றது அதற்கும் பின்னர். நன்னூல் 12, 13ஆம் நூற்றாண்டுகளின் சந்தியில் எழுந்தது. கார்மேகக் கவிஞர் அதற்கும் பல தலைமுறை பிந்தியவர். ஒரே வீச்சில் அழிக்கப்பட்ட சமூகம் இவ்வளவு நீண்ட காலம் நூல் எழுதிக்கொண்டிருந்திருக்க இயலாது.

நிகழ்ந்தது மெல்ல மெல்லத் தேய்ந்த தேய்வு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர் ஆட்சி சோழரால் முடிவுற்றபோது சமணம் தன் பெரும் புரவலரை இழந்தது. தேவாரமும் திருவாய்மொழியும் மக்கள் மொழியில் எழுப்பிய பக்திப் பெருக்கு ஒருபுறம் வளர்ந்தது. கோயிலை மையமாகக் கொண்ட நில உடைமையும் ஊராட்சியும் மறுபுறம் வலுப்பெற்றன. கன்னட நாட்டில் வீரசைவம் எழுச்சி பெற்றதால் அங்கிருந்து கிடைத்த துணையும் குறைந்தது. துறவியருக்கு உணவளிக்கும் இல்லறத்தார் குறைந்தால் பள்ளி நிலைக்காது. இளைஞர் துறவு பூண முன்வராவிட்டால் ஓதுவிப்போர் இருக்கமாட்டார். நாளடைவில் ஒரு தலைமுறை அக்கம்பக்கத்தாரின் வழிபாட்டில் கலந்துவிடுகிறது.

இதனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இஸ்லாம் இந்நாட்டில் வாளால் பரவியது என்று யாரேனும் கூறினால், வணிகரையும் சூஃபிகளையும் கடற்கரைப் பட்டினங்களையும் எடுத்துக்காட்டி நாம் மறுக்கிறோம், மறுப்பது நியாயமே. தம் வரலாற்றை ஒரு வாளுக்குள் சுருக்குவதை ஏற்காதவர்கள், பிறர் வரலாற்றையும் ஒரு கழுமரத்துக்குள் சுருக்கலாகாது. சான்றுகளைப் பொறுமையாகத் தேடும் பழக்கம் நமக்கு வேண்டியவற்றில் மட்டும் இருந்தால் அது ஆய்வு ஆகாது. 1997, 1998 ஆண்டுகளில் கோவை கண்ட கலவரத்தையும் குண்டுவெடிப்புகளையும் வாழ்ந்து கடந்தவர்களுக்கு, அண்டை வீட்டாரின் வரலாற்றை வதந்தியாக மட்டுமே அறிந்திருப்பதன் விலை என்ன என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஒரு சொல்லின் வழி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பள்ளி என்பதன் அடிப்படைப் பொருள் படுக்கை, உறையும் இடம். துறவியர் தங்கிய குகைகளும் மடங்களும் அதனால் பள்ளிகள் ஆயின. அங்கே துறவியர் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால், கல்வி பயிலும் இடத்திற்கும் அப்பெயர் வந்தது என்பர் அறிஞர். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் 'பள்ளிச்சந்தம்' எனக் கல்வெட்டுகளில் வழங்கப்பட்டது. அரபு நாட்டு வணிகரும் அவர்களோடு இணைந்த தமிழ் முஸ்லிம்களும் கடற்கரையில் வணக்கத்தலங்களை எழுப்பியபோது, அவற்றைக் குறிக்கத் தமிழில் ஏற்கனவே ஒரு சொல் ஆயத்தமாக இருந்தது. கோயில் அல்லாத, ஆனால் வணங்கத்தக்க ஓர் இடத்தின் பெயர் அது. கேரளத்தில் கிறித்தவரும் தம் தேவாலயத்தைப் பள்ளி என்றே அழைக்கின்றனர்.

இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணிக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப் பட்டினத்தில் இருந்த சோனகச் சாமந்தப் பள்ளியாகிய பிழார்ப்பள்ளிக்கு நிலம் இறையிலியாக அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. சோனகர் என்பது அக்காலத்தில் அரபியரையும் முஸ்லிம்களையும் சுட்டிய பெயர். ஒரு பள்ளிவாசலுக்குக் கிடைத்த கொடையின் ஆவணம் ஒரு வைணவத் திருத்தலத்தின் சுவரில் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. அச்சுவர் இல்லையேல் அப்பள்ளியைப் பற்றி நாம் அறிந்திருக்கவே முடியாது.

திருக்குர்ஆனின் 'அல்ஹஜ்' அத்தியாயம் 40ஆம் வசனம், மடங்கள், கிறித்தவ ஆலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் குறிப்பிட்டு, மனிதருள் ஒரு சாராரைக் கொண்டு மறு சாராரை இறைவன் தடுக்காதிருந்தால் அவை இடிக்கப்பட்டிருக்கும் என்று எச்சரிக்கிறது. பிறர் வழிபாட்டிடம் பாதுகாக்கப்படுவதையும் நம் பள்ளி பாதுகாக்கப்படுவதையும் ஒரே மூச்சில் பேசும் அவ்வசனத்தின் பொருள், திருப்புல்லாணிச் சுவரில் எனக்குக் கண்கூடாகப் புலப்பட்டது.

நம் காலத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விஜயமங்கலம் உள்ளிட்ட கொங்குச் சமணத் தலங்களின் வரலாற்றை ஊர் ஊராக அலைந்து வெளிக்கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர், ஈரோட்டில் வாழ்ந்த கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2023இல் மறைந்தவர். அவரே தமிழக முஸ்லிம்கள் தொடர்பான கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஓலை ஆவணங்களையும் தேடித் தொகுத்து நூலாக்கித் தந்தார். அவர் சமணரும் அல்லர், முஸ்லிமும் அல்லர். சைவராகிய சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் அமர்ந்து அவர்களின் சமயத்தைப் பாடம் கேட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்த மரபின் தொடர்ச்சியாகவே இதனைக் காண வேண்டும்.

நம் பெட்டகங்கள்

பெருமிதத்தோடு இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் விஜயமங்கலம் நம்மைப் பார்த்தும் ஒரு வினா எழுப்புகிறது. கொங்கு நாட்டில் முஸ்லிம்களுக்கும் நெடிய வாழ்வு உண்டு. கோட்டைகளை அடுத்தும் பழைய வணிகப் பாதைகளிலும் பள்ளிவாசல்களும் தர்காக்களும் அமைந்துள்ளன. அவற்றுக்கு நிலம் தந்தவர்களின் சாசனங்கள், வக்ஃபுப் பத்திரங்கள், பழைய ஜமாஅத்துக் கணக்கேடுகள், நிக்காஹ் பதிவேடுகள், அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகள் ஆகியவை எங்கே இருக்கின்றன? பள்ளியைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லைப் படித்துப் பார்த்த பின்னரா பெயர்த்தெடுக்கிறோம்? பாட்டனாரின் பெட்டியில் கிடந்த ஓலைகளையும் ஏடுகளையும் படிக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கரையானுக்கு விட்டுவிடவில்லையா? பொதுவாக எல்லா ஊரிலும் நிகழும் இழப்பு இது; எவரையும் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை.

ஒரு சமூகம் எண்ணிக்கையில் குறையலாம், இடம் பெயரலாம், மறையவும் செய்யலாம். அது எழுதி வைத்ததும் பிறர்க்குக் கற்பித்ததும் எஞ்சும். கொங்குச் சமணர் நமக்கு ஓர் இலக்கணத்தையும் ஒரு சொல்லையும் விட்டுச் சென்றனர். புள்ளப்பையின் பெயரை ஒருவர் கல்லில் பொறித்தார். அதனால் ஆயிரம் ஆண்டு கடந்து ஓர் அயல் சமயத்தான் அப்பெயரைப் படித்து இங்கே எழுத முடிகிறது. ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் தன்னிடமுள்ள பழைய ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, அவற்றைப் படமெடுத்து வைத்தாலே போதும். நாளை வரும் ஆய்வாளனுக்கு அது பெரும் புதையலாகும்.

பழையவை நீங்குவதும் புதியவை புகுவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்ற கருத்தோடு நன்னூல் நிறைவுறுகிறது. அந்த இறுதி நூற்பா சொற்களைப் பற்றியது. தன் சமூகமே ஒருநாள் அந்த ஊர்களில் அருகிப்போகும் என்று பவணந்தியார் எண்ணியிருப்பாரா என்பதை யார் அறிவார்? அதனை ஒரு புலம்பலாக அவர் எழுதவில்லை. அமைதியான ஒரு விதியாக எழுதி வைத்தார்.

திரும்பும்போது பெரியவர் வாயிலைப் பூட்டிவிட்டு, "அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சீங்களா பாய்?" என்று கேட்டார். புள்ளப்பையின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "இத்தனை வருசமா பூட்டித் தொறக்கறேன். அந்தம்மா பேரு இன்னிக்குத்தான் தெரியுதுங்க" என்றார். லுஹர் நேரம் நெருங்கியிருந்தது. நெடுஞ்சாலையோரம் இருந்த சிறு பள்ளி ஒன்றில் ஒளுச் செய்து, ஜமாஅத்தோடு தொழுதோம். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோதுதான், வாயிலின் மேல் எழுதியிருந்த 'பள்ளிவாசல்' என்ற எழுத்துகளை முதன்முறையாகக் கூர்ந்து படித்தேன்.